வழக்குக் கட்டைப் படிக்கச் சொல்லித் தேர்ந்தெடுங்கள்

நீதிபதிகளுக்குச் சட்ட ஆராய்ச்சி உதவியாளர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் இருக்கிற பெரியவர்களுக்கு,

சென்ற வாரம் வெளியான உங்கள் அறிவிப்பை மூன்று முறை படித்தேன். ஏதாவது மாறியிருக்கும் என்ற நம்பிக்கையில்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். எதுவும் மாறவில்லை. விண்ணப்பத்தோடு இறுதிப் பருவத் தேர்ச்சிச் சான்று வேண்டும். மூத்த வழக்கறிஞர் அல்லது ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். சட்ட இதழ்களில் வெளிவந்த கட்டுரைகளின் பட்டியல் வேண்டும். எழுத்துத் தேர்வு கிடையாது. தகுதியுள்ளவர்கள் மட்டும் நேர்காணலுக்கு அழைக்கப்படுவார்கள் என்கிறீர்கள். அந்தத் தகுதியை எதை வைத்து அளக்கிறீர்கள் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. கால அவகாசம் பத்து நாள்.

இதே வேலைக்கு நான் இரண்டு முறை விண்ணப்பித்திருக்கிறேன். எந்த நீதிமன்றத்தின் அறிவிப்பு என்பதை இந்த மடலில் வேண்டுமென்றேதான் எழுதவில்லை. ஒரு பெயரைச் சொன்னால், இது அந்த ஒரு இடத்தின் தவறு என்று மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். அறிவிப்பை எழுதியவர்களுக்கு இது தங்களுக்கான மடல் என்று தெரியும். இப்படித் தேர்ந்தெடுக்கிற மற்றவர்களுக்கும் தெரியும்.

எனக்கு ஊர் உசிலம்பட்டிக்கு மேற்கே. அப்பா லாரி ஓட்டுகிறார். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். இந்த வேலையைப் பற்றி அம்மாவிடம் முதலில் சொன்னபோது, லா கிளார்க் என்ற சொல்லைக் கேட்டு அவர் கலங்கிப்போனார். குமாஸ்தா வேலைக்குப் போவதற்கா ஐந்து வருடம் படித்தாய் என்று கேட்டார். வக்கீல் குமாஸ்தாவை அவருக்குத் தெரியும். எங்கள் நிலத்து வழக்குக்காகப் பத்தொன்பது வருடம் வாய்தா வாய்தாவாக அலைந்தவர் அவர். நான் அவரை உட்காரவைத்துச் சொன்னேன். நாளைக்கு விசாரணைக்கு வருகிற வழக்குகளின் கட்டுகளை இன்றைக்கு ராத்திரியே படிக்க வேண்டும். எந்தத் தேதியில் எது நடந்தது என்று வரிசையாகக் குறிப்பு எடுக்க வேண்டும். இரண்டு தரப்பும் காட்டுகிற முன்தீர்ப்புகள் உண்மையிலேயே அவர்கள் சொல்வதைத்தான் சொல்கின்றனவா என்று பார்க்க வேண்டும். எந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தால் வழக்கு முடியும் என்று நீதிபதிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். தீர்ப்பு நீதிபதியுடையது. ஆனால் அவர் கண்ணில் படாமல் ஒரு தாளும் தப்பிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த வேலையே இருக்கிறது. அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, நம் வழக்கில் அப்படி ஒரு ஆள் இருந்தாரா என்று கேட்டார்.

அந்தக் கேள்விதான் என்னை முதல் விண்ணப்பம் போட வைத்தது.

அந்த முதல் விண்ணப்பம் பரிசீலனையிலேயே திரும்பி வந்துவிட்டது. காரணம், தேர்ச்சிச் சான்று இணைக்கப்படவில்லை. எப்படி இணைப்பேன்? இறுதிப் பருவத் தேர்வு எழுதி முடித்துவிட்டோம்; முடிவு வரவில்லை. உங்கள் கடைசி நாள் முடிந்து பதினெட்டு நாள் கழித்துத்தான் முடிவு வந்தது. கல்லூரி அலுவலகத்தில் போய் நின்றேன். முடிவு வராமல் எந்தக் காகிதமும் தர முடியாது என்றார்கள், அவர்கள் சொன்னதும் சரிதான். உங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். சான்று இல்லாத விண்ணப்பத்தை வாங்க முடியாது என்றார்கள், விதிப்படி அதுவும் சரிதான். எல்லாரும் சரியாக இருந்தும் எனக்கு ஒரு வருடம் போயிற்று. தேர்வை முன்னதாகவே முடித்து முடிவையும் கையில் கொடுத்துவிடுகிற கல்லூரிகளில் படித்தவர்களுக்கு இந்தச் சிக்கல் வந்திருக்காது. என் வகுப்பில் விண்ணப்பிக்க நினைத்திருந்த பதினொரு பேரும் அந்தப் பத்து நாளில் அடிபட்டுப்போனோம்.

இரண்டாம் முறை நேர்காணல் வரைக்கும் வந்தேன். இரவு முழுவதும் பயணம். ஒரு நீலக் கோப்பில், நானே படித்துக் குறிப்பெழுதிய மூன்று வழக்குகளின் சுருக்கங்களை வைத்திருந்தேன். வழக்குகளின் பெயர்களை அடித்துவிட்டு, எண்களை மறைத்து, சீனியரின் அனுமதி வாங்கிக் கொண்டுவந்தவை. கோப்பின் மேல் போட்டிருந்த ரப்பர் பேண்டை நான் கழற்றத் தொடங்கியபோது, வேண்டாம், இருக்கட்டும் என்றார் நடுவில் இருந்தவர். குடும்பத்தில் யாராவது வழக்கறிஞர் இருக்கிறார்களா என்று ஒரு கேள்வி. இல்லை என்றேன். தேர்வுகளைத் தமிழ் வழியிலா எழுதினீர்கள் என்று ஒரு கேள்வி. முதல் இரண்டு ஆண்டு தமிழில், பிறகு ஆங்கிலத்தில் என்றேன். எந்த இதழில் கட்டுரை வந்திருக்கிறது என்று ஒரு கேள்வி. வரவில்லை என்றேன். நான்கு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். சட்டத்தைப் பற்றி என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கப்படவில்லை. அந்த ரப்பர் பேண்ட் கழற்றப்படாமலே கோப்பு மதுரைக்குத் திரும்பி வந்தது.

இந்த மூன்று கேள்விகளையும் நான் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளவில்லை. கேட்டவர்கள் கனிவாகத்தான் கேட்டார்கள். ஆனால் அந்தக் கேள்விகளில் எதுவும் நான் செய்யப்போகிற வேலையைப் பற்றியது இல்லை. அதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

வேலையைப் பற்றிய கேள்வி என்பது எப்படி இருக்கும் என்று நான் பார்த்த ஒன்றை வைத்தே சொல்கிறேன்.

இப்போது நான் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஒரு சீனியரிடம் ஜூனியராக இருக்கிறேன். 2004 ஜூலை 24ஆம் தேதி திறக்கப்பட்ட இந்தக் கிளைக்குக் கன்னியாகுமரியிலிருந்து திருச்சி, கரூர், தஞ்சாவூர் வரைக்கும் தென்மாவட்டத்து, நடுமாவட்டத்து வழக்குகள் வருகின்றன. யானைமலையைப் பார்த்தபடி காலையில் ஒத்தக்கடையில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்களில் பாதிப் பேர் கையில் மஞ்சள் பை இருக்கும். அந்தப் பைக்குள் இருப்பது பெரும்பாலும் நிலம்: கிரயப் பத்திரம், பாகப் பிரிவினைப் பத்திரம், பட்டா, அடங்கல், எல்லாம் தமிழில். கீழ் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னதும் தமிழில். மேல்முறையீடாக இங்கே வரும்போது அவற்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு தட்டச்சாகிக் கட்டில் சேர்கிறது.

இரண்டாம் மேல்முறையீடு ஒன்றில் எங்கள் பக்கத்துக் கட்டை விசாரணைக்கு முந்தைய இரவு படித்துக்கொண்டிருந்தேன். அடிப்படை ஆவணம் 1950களில் எழுதிய ஒரு கிரயப் பத்திரம். அதில் நிலத்துக்கு நான்கு மால், அதாவது நான்கு பக்க எல்லைகள், இப்படி எழுதியிருந்தது: இன்னார் புஞ்சைக்குக் கிழக்கு, நடைபாதைக்குத் தெற்கு, ஓடைக்கு மேற்கு, இன்னார் புஞ்சைக்கு வடக்கு. அடுத்த பக்கத்தில் இருந்த ஆங்கில மொழிபெயர்ப்பில், கிழக்கு எல்லை இன்னார் புஞ்சை, தெற்கு எல்லை நடைபாதை, மேற்கு எல்லை ஓடை, வடக்கு எல்லை இன்னார் புஞ்சை என்று இருந்தது. ஒவ்வொரு சொல்லும் சரியாக இருக்கிறது. நிலம் மட்டும் தலைகீழாகத் திரும்பிவிட்டது.

இதை நான் கண்டுபிடித்தது சட்டக் கல்லூரியில் படித்ததால் இல்லை. எங்கள் அப்பத்தாவுக்குக் கண் மங்கிய பிறகு, டிரங்குப் பெட்டியில் இருந்த பத்திரத்தை எடுத்துவரச் சொல்லி என்னைப் படிக்கச் சொல்வார். ஏழாம் வகுப்பில் இருந்தேன். மடிப்பு மடிப்பாகக் கிழியத் தொடங்கிய அந்த முத்திரைத்தாளைப் படித்துவிட்டு, கிழக்கே கருப்பன் புஞ்சை என்று சொன்னேன். அப்பத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு, அப்படி இல்லை, கருப்பனுக்குக் கிழக்கே நான் கிடக்கிறேன் என்று நிலம் சொல்கிறது. அப்படியானால் கருப்பன் எங்கே இருக்கிறான், மேற்கே இருக்கிறான் என்றார். பள்ளிக்கூடத்துக்கே போகாதவர் அவர். நிலம் தன் இடத்தில் நின்றுகொண்டு பேசுகிறது என்பதை அன்றைக்கு அவர் சொல்லித்தந்தது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

எங்கள் வழக்கில் தகராறே ஓடையை ஒட்டிய அந்த ஒரு துண்டு நிலத்தைப் பற்றியது. ஓடை கிழக்கே இருந்தால் அது எங்கள் கட்சிக்காரருடையது. மேற்கே இருந்தால் அந்தத் துண்டுக்கும் அவருடைய பத்திரத்துக்கும் சம்பந்தமே இல்லை. இரவு பதினொன்றரைக்குச் சீனியரை அழைத்துச் சொன்னேன். காலையில் திருத்திய மொழிபெயர்ப்பைத் தாக்கல் செய்ய அனுமதி கேட்டோம். கிடைத்தது.

அந்த இரவில் நான் படிக்காமல் விட்டிருந்தால்? எதிர்த் தரப்பு அதைச் சுட்டிக்காட்டப் போவதில்லை. அது அவர்கள் கடமையும் இல்லை. நீதிபதி முன்னால் தமிழ் மூலமும் இருக்கிறது, ஆங்கிலமும் இருக்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை கட்டுகள் அவர் மேசைக்குப் போகின்றன என்பதை நாங்கள் தினமும் பார்க்கிறோம். வேறு மாநிலத்திலிருந்து மாற்றலாகி வரும் நீதிபதிகளும் இங்கே அமர்கிறார்கள். அவர்களுக்குத் தமிழ் மூலம் வெறும் தாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு உதவியாளருக்குப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிட வேலையைச் செய்யத் தெரிந்தவர்களை உங்கள் அறிவிப்பில் எந்த வரி தேடுகிறது?

பரிந்துரைக் கடிதம் தேடவில்லை. மூத்த வழக்கறிஞரைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கடிதம் கிடைக்கும். பார்க்கக் கிடைப்பது யாருக்கு? அப்பாவோ சித்தப்பாவோ அதே வராண்டாவில் நடந்தவர்களுக்கு. கட்டுரைப் பட்டியலும் தேடவில்லை. இரண்டாம் முறை விண்ணப்பிப்பதற்கு முன் ஒரு இதழுக்கு எழுதிக் கேட்டேன். கட்டுரை எதைப் பற்றி என்று கேட்பதற்கு முன்பே தொகையைச் சொன்னார்கள். பணம் கட்டினால் பதினைந்து நாளில் சான்றிதழோடு வந்துவிடும் என்றார்கள். நான் கட்டவில்லை. கட்டியிருந்தால் உங்கள் மூன்றாவது கேள்விக்கு நல்ல பதில் சொல்லியிருப்பேன், ஆனால் ஒரு வழக்கையும் அதற்குமேல் நன்றாகப் படித்திருக்க மாட்டேன்.

ஒரு வருட வேலைக்கு இவ்வளவு வருத்தமா என்று நீங்கள் நினைக்கலாம். 2025 மே 20ஆம் தேதிக்குப் பிறகு இது ஒரு வருட வேலை மட்டும் இல்லை. அன்று உச்ச நீதிமன்றம், உரிமையியல் நீதிபதி தேர்வு எழுத மூன்று வருடத் தொழில் அனுபவம் வேண்டும் என்ற பழைய விதியைத் திரும்பக் கொண்டுவந்தது. அதே தீர்ப்பில், நீதிபதியிடம் சட்ட உதவியாளராக இருந்த காலத்தையும் அந்த மூன்று வருடத்தில் சேர்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னது. மூன்று வருடம் வேண்டும் என்பதை நான் எதிர்க்கவில்லை. நீதிமன்றத்தில் நின்று பார்க்காதவர் நீதிபதியாகக் கூடாது என்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த மூன்று வருடத்தை யார் தாக்குப்பிடிப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயாவது, மற்ற இடங்களில் 15,000 ரூபாயாவது கொடுக்க வேண்டும் என்று 2024இல் உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. நடைமுறையில் அதில் கால்வாசி வாங்குகிறவர்களை எனக்குத் தெரியும். எதுவும் வாங்காதவர்களையும் தெரியும். என்னோடு படித்த ஒரு தோழி, மதியம் வரை கோர்ட்டில் நின்றுவிட்டு, மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் இரவு ஒன்பது வரை உட்கார்ந்திருக்கிறாள். எங்களைப் போன்றவர்களுக்கு, மாதம் தவறாமல் உதவித்தொகை வருகிற, தொழிலும் கற்றுக்கொடுக்கிற, நீதிபதி தேர்வுக்கான கணக்கிலும் சேருகிற வேலை இது ஒன்றுதான். இன்று யாரை உதவியாளராக எடுக்கிறீர்களோ, அவர்களில் சிலர்தான் நாளைக்கு மேலூரிலும் திருமங்கலத்திலும் நீதிபதி நாற்காலியில் இருப்பார்கள்.

என் சீனியரிடம் இதைப் பேசியபோது அவர் ஒரு மறுப்புச் சொன்னார், அதற்கும் இங்கே பதில் எழுதிவிடுகிறேன். நீதிபதியின் அறையில், வெளியே சொல்லக் கூடாத விஷயங்களுக்கு நடுவில் இருக்கப் போகிறவர். தனக்கு நம்பிக்கையான ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நீதிபதிக்கு வேண்டாமா என்றார். வேண்டும். இந்த வழக்கத்தைத் தொடங்கிவைத்தவர்களில் முன்னோடி என்று சொல்லப்படுகிற அமெரிக்க நீதிபதி ஹொரேஸ் கிரே, 1882இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, ஹார்வர்டில் சட்டப் பேராசிரியராக இருந்த தன் மாற்றாந்தாய் மகனான தம்பி அனுப்பிவைத்த பட்டதாரிகளைத்தான் வைத்துக்கொண்டார். ஆனால் அவர் சம்பளம் கொடுத்தது தன் சொந்தப் பணத்தில். இங்கே கொடுப்பது மக்கள் வரிப்பணம். நம்பிக்கையான ஆள் வேண்டும் என்றால், வேலை தெரிந்தவர்கள் யார் என்று முதலில் எல்லாருக்கும் பொதுவாகத் தேர்வு வைத்துப் பாருங்கள். அந்தப் பட்டியலிலிருந்து நீதிபதி தனக்குப் பிடித்தவரை எடுத்துக்கொள்ளட்டும்.

தீர்ப்பு ஆங்கிலத்தில்தானே எழுதப்படுகிறது என்றும் சொல்வார்கள். அரசமைப்புச் சட்டத்தின் 348ஆவது பிரிவு எனக்கும் தெரியும். நல்ல ஆங்கிலத்தில் குறிப்பு எழுதத் தெரியாதவரை நீங்கள் எடுக்கத் தேவையில்லை. ஆனால் எழுதச் சொல்லிப் பார்த்துவிட்டு நிராகரியுங்கள். எந்த வழியில் படித்தாய் என்று கேட்டு நிராகரிக்காதீர்கள்.

தேர்வு வைப்பது நடக்காத காரியமும் இல்லை. உச்ச நீதிமன்றம் தன் சட்ட உதவியாளர்களைக் கொள்குறித் தேர்வு, எழுத்துத் தேர்வு, நேர்காணல் என்று மூன்று கட்டமாகத்தான் எடுக்கிறது. நம் மாநிலத்தில் தேர்வாணையம் நடத்திவரும் உரிமையியல் நீதிபதி தேர்விலேயே மொழிபெயர்ப்புக்கு ஒரு தனித்தாள் இருக்கிறது. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் மாற்ற வேண்டும். நீதிபதிக்கு அந்தத் திறமை வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் நாம். அவருக்குக் கட்டைப் படித்துக் கொடுப்பவருக்கு அது வேண்டாமா?

ஆகவே கேட்கிறேன்.

இந்த அறிவிப்பின் கடைசி நாளை நீட்டுங்கள். இறுதிப் பருவ முடிவுக்காகக் காத்திருப்பவர்களின் விண்ணப்பங்களையும் வாங்கிக்கொள்ளுங்கள். பணியில் சேரும் நாளன்று சான்றைக் காட்டச் சொல்லுங்கள், காட்டாதவர்களை அன்றைக்கே நீக்குங்கள். பரிந்துரைக் கடிதத்தையும் கட்டுரைப் பட்டியலையும் நிபந்தனையிலிருந்து எடுத்துவிடுங்கள். யாராவது தாமாக இணைத்தால் இணைக்கட்டும், அதற்கு மதிப்பெண் வேண்டாம்.

எழுத்துத் தேர்வு ஒன்று வையுங்கள். பெயரை மறைத்த ஒரு பழைய வழக்குக் கட்டை விண்ணப்பதாரர் கையில் கொடுங்கள். தமிழ் ஆவணமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் இரண்டும் அதில் இருக்கட்டும். மூன்று மணி நேரம் கொடுத்து, நீதிபதிக்கு இரண்டு பக்கக் குறிப்பு எழுதச் சொல்லுங்கள். திருத்துகிறவருக்கு விண்ணப்பதாரரின் பெயரும் கல்லூரியும் தெரியக் கூடாது. தேர்வையும் நேர்காணலையும் ஒரே நகரத்தில் வைக்காமல் மதுரையிலும் வையுங்கள். தமிழ் ஆவணங்கள் அதிகமாக வரும் நீதிபதிகளுக்கு, அவற்றை நேராகப் படிக்கத் தெரிந்த ஓர் உதவியாளராவது இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

நேர்காணலில் குடும்பத்தில் யார் வழக்கறிஞர் என்ற கேள்வியைக் கேட்பதில்லை என்று எழுத்தில் முடிவெடுங்கள். எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எந்த எந்தக் கல்லூரிகளிலிருந்து எத்தனை பேர் தேர்வானார்கள், எந்த மதிப்பெண்ணுக்கு மேல் நேர்காணலுக்கு அழைத்தீர்கள் என்பதை ஒவ்வொரு ஆண்டும் அறிவிப்புப் பலகையில் போடுங்கள். தேர்வாகாதவர் கேட்டால் அவருடைய மதிப்பெண்ணைச் சொல்லுங்கள்.

அறிவிப்பின் கடைசி நாளுக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. அதற்குள் தேதியை நீட்டித்து ஒரு திருத்த அறிவிப்பு வெளியிட உங்களால் முடியும். மற்றவற்றுக்கு அடுத்த ஆண்டு அறிவிப்பு வரைக்கும் நேரம் இருக்கிறது. நான் மூன்றாவது முறையாகவும் விண்ணப்பிக்கிறேன். அந்த நீலக் கோப்பையும் கொண்டுவருவேன். இந்த முறை அதைத் திறந்து பாருங்கள்.

இப்படிக்கு,
உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் தொழில் செய்யும் ஓர் இளம் வழக்கறிஞர்,
ஒத்தக்கடை, மதுரை.